சேலம் – சென்னை விமானம்: 265 கி.மீ. போக ஏன் ஒரு மணி நேரம்?

தருமபுரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முழங்கால் வலியுள்ள அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். சேலத்திலிருந்து விமானத் தூரம் 265 கி.மீ., நேரம் 20 நிமிடம் என்று இணையத்தில் வருகிறது. டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. எதை நம்புவது?"

டிக்கெட்டை நம்புங்கள். தூரம் சரிதான். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நூல் பிடித்தாற்போல் அளந்தால் 265 கி.மீ. வரும். அதை மணிக்கு 800 கி.மீ. பறக்கும் ஜெட்டின் வேகத்தால் வகுத்து 20 நிமிடம் என்று போட்டுவிடுகிறார்கள். சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அதனால் சென்னைக்கு ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவுதான், அதுவும் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. சென்னையில் இறங்க வரிசையில் காத்திருந்தால் வானத்திலேயே ஒரு சுற்று கூடும். தவிர, டிக்கெட் நேரம் என்பது இங்கே விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. தரையில் உருளும் நேரமும் அதில் சேர்த்திதான்.

ஆனால் உங்களுக்கான கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது. தருமபுரியிலிருந்து விமான நிலையம் சுமார் 50 கி.மீ., நடுவே தொப்பூர் கணவாய். இரட்டைப் பாலத்துப் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். எனவே சாலைக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பொதுவாகக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள், அதற்கும் அரை மணி முன்னதாக அங்கே இருங்கள். அப்புறம் விமானம், சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வருவது என்று மொத்தம் நாலரை மணி நேரம் ஆகும். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரில் போனாலும் ஐந்தாறு மணி நேரம்தான். நீங்கள் மட்டும் போவதென்றால் மொரப்பூரில் ரயில் ஏறச் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு விமானமே நல்லது, அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். ஏடிஆரில் பின்பக்கக் கதவோடு சேர்ந்த சிறு படிக்கட்டில்தான் ஏற வேண்டும். படிகள் சிலவே என்றாலும் முழங்காலுக்குச் சிரமம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கால அட்டவணை மாறும். அதை ஒட்டிய பயணமென்றால் முந்தின நாளும் நேரத்தைச் சரிபாருங்கள். இந்த விமானத்தில் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் பெரும்பாலான சன்னலோர இருக்கைகளிலிருந்து கீழே நன்றாகத் தெரியும். அம்மாவைச் சன்னலோரம் உட்கார வையுங்கள்.