டிகிதீரியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்தியப் பிரதேசத்தில் கிடைத்த டிகிதீரியம், 22 கோடி ஆண்டுப் பழமையான பாலூட்டி உறவினம் என்று படித்திருந்தேன். இப்போது அது மூஞ்சூறுப் பல்தான் என்கிறார்கள். 20 கோடி ஆண்டு தவறுமா? ஒற்றைப் பல்லை நம்பி ஓர் உயிரினத்தை வகைப்படுத்தலாமா?

மா.

அன்புள்ள மா.,

வகைப்படுத்தலாம். மேல் பல்லின் மேடுகள் கீழ்ப் பல்லின் பள்ளங்களில் பொருந்தித் தேய்கின்றன. அதனால் ஒரு பல்லின் தேய்மானத்தைப் பார்த்தே எதிர்ப்பல்லின் வடிவத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இங்கே சறுக்கியது காலக் கணிப்பில்.

ஷாடோல் மாவட்டத்து டிகி பாறைகள் டிரயாசிக் காலத்தவை (சுமார் 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்). அங்கே எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல்லுக்கு தொல்லுயிர் ஆய்வாளர் பி. எம். தத்தா 2005இல் டிகிதீரியம் கோபெய் என்று பெயரிட்டார். டிரயாசிக் கால உறவினங்களான மார்கனுகோடான் வகையில் கடைவாய்ப்பல் நீளவாட்டில் இருக்கும். முக்கிய மேடுகள் ஒரே வரிசையில் நிற்கும். இந்தப் பல்லோ உட்பக்கம் அகன்றது. பின்னால் வந்த இன்னொரு பாலூட்டி உறவினமான டோக்கோடான் வகையில் இப்படிப்பட்ட அகலம் வருவதற்கு இன்னும் ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டு ஆக வேண்டும். பாறையின் வயதைக் கேள்வி கேட்காததால், காலத்தை முந்திய பல் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது.

அவெரியானவ், வொய்டா என்ற ஆய்வாளர்கள் 2024இல் அதை நியோஜீன் கால (சுமார் 2.3 கோடி முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) மூஞ்சூறின் பல் என்று முடிவு செய்தார்கள். மூஞ்சூறின் மேல் கடைவாய்ப்பல்லில் வெளிப்புற வரம்புகள் 'டபிள்யூ' போல ஓடும், உட்புறம் விரிந்திருக்கும். எனக்கு அவர்கள் முடிவே சரியென்று படுகிறது.

இத்தகைய நுண்பற்களைப் பெரும்பாலும் பாறையிலிருந்து நேரே எடுப்பதில்லை. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, முழுக்கக் காயவைத்து (ஈரம் மிச்சமிருந்தால் சரியாகக் கரையாது), நீரில் ஊறவைத்து, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசி, எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்துப் பொறுக்குவார்கள். வெடிப்பில் இறங்கிய மேல்மண்ணோ, வேறு தளத்தில் பயன்படுத்திய சல்லடையில் தங்கிய துகளோ போதும், வேற்றுக் காலத்துப் பல் கலந்துவிடும். பல்லின் மேல்பூச்சான எனாமலை அமிலத்தால் அரித்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரியும்: மூஞ்சூறு எனாமலில் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கும், டிரயாசிக் உறவினங்களில் அந்த அமைப்பு முதிர்ந்திருக்காது. ஆனால் பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரியை அரிக்க யாருக்கு மனம் வரும்?

டிகியின் மதிப்பு இதனால் குறையவில்லை. 1996இல் அங்கிருந்து விவரிக்கப்பட்ட கோண்டுவானடான் தபானி என்ற பாலூட்டி உறவினமும் ஒற்றைப் பல்தான். அதன் வடிவம் பாறையின் வயதோடு முரண்படவில்லை. டிகிதீரியத்தை டிரயாசிக்குக்கு மீட்க நினைப்பவர்கள், பாறைக்குள் பொதிந்த நிலையிலேயே அதே வடிவப் பல் இன்னொன்றைக் காட்ட வேண்டும்.