கார்வெட் சி6 கூபேல (செவர்லேயோட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்) பின்னாடி டிக்கியில மேட், சாமான் புடிக்கிற நெட், ஊஃபர் பாக்ஸ் (பேஸ் ஸ்பீக்கர் பெட்டி) எல்லாம் ஓட்டை போடாம மாட்ட முடியுமா?

முடியும், ஓட்டை போடவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன். 2005ல இருந்து 2013 வரைக்கும் வந்த இந்த சி6ல பெட்ரோல் டேங்க் ஒண்ணு இல்ல, ரெண்டு, சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால இருக்கு, கார்பெட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்காம ட்ரில்ல இறக்கினா கதை கந்தல்.

இந்தக் காரோட கூரை கழட்டி டிக்கியில வைக்கிற மாதிரி இருக்கும், முதல்ல அதைக் கழட்டி பின்னாடி அதோட லாக்ல மாட்டிப் பாருங்க. நிறைய பேரு இத மறந்துட்டு ஊஃபர் பாக்ஸ செஞ்சிடுறாங்க, அப்புறம் கூரைய எங்க வைக்கிறது? கூரை உக்காந்த பிறகு கீழ மிஞ்சுற உயரம்தான் உங்க பாக்ஸோட உயரம், அதுலயும் கொஞ்சம் கம்மியாவே வைங்க, கண்ணாடிக் கதவு மூடும்போது இடிக்கக்கூடாது.

மேட்டுக்கு அட்டைப்பெட்டிய வெட்டி அளவு எடுத்துக்கோங்க, வீல் மேல வர்ற வளைவு நேர்கோடு கிடையாது, அளவு டேப்ப மட்டும் நம்பினா மேட்டோட ஓரம் தூக்கிக்கும். அடியில வெல்க்ரோவோட கரகர பக்கத்த ஒட்டினா கார்பெட்ட நல்லா புடிச்சிக்கும். ஆனா ஒட்டுற பசை நல்லதா வாங்குங்க, அந்தப் பெரிய கண்ணாடி வழியா வெயில் நேரா இறங்கும், மட்டமான பசை இளகிடும். அதுக்காகவே ஒரு ஷேடும் போட்டுடுங்க.

நெட்ட கம்பெனி கொடுத்த கொக்கியில மாட்டுனாப் போதும். கனமான சாமான மட்டும் நெட்ட நம்பி விடாதீங்க, சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல தடுப்பே இல்ல, சடன் பிரேக் அடிச்சா எல்லாம் முன்னாடிதான் வரும்.