பாடப்புத்தகத்துல அம்மா எப்பவும் அடுப்படியிலயே இருந்தா என்ன பண்றது?

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணோட அம்மா ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "தமிழ் புக்ல அம்மான்னா சமைக்கிறாங்க, அப்பான்னா பேப்பர் படிக்கிறார். என் பொண்ணு 'கார் ஓட்டறதெல்லாம் அப்பா வேலை'ங்கறா. ஸ்கூல்ல பேசணுமா, இல்ல 'பாலின சமத்துவ ஒர்க்புக்'னு ஒரு செட் விக்கிறாங்களே, அதை வாங்கிடட்டுமா?"

முதல்ல, செட் வாங்காதீங்க. இந்த மாதிரி செட்டுகள் நிறைய பாத்துட்டேன், பாதிக்கு மேல பழைய ஒர்க்புக்தான், அட்டையில பொண்ணுக்கு டாக்டர் கோட்டு, பையன் கையில கரண்டின்னு படத்தை மட்டும் மாத்தியிருப்பாங்க, உள்ள ஒரு வரி கூட மாறியிருக்காது. "நிபுணர்கள் சரிபார்த்தது"னு போட்டிருந்தா எந்த நிபுணர், என்ன பாத்தாருன்னு கேளுங்க, பதில் வராது. ஸ்கூலுக்கே வந்து பெற்றோருக்கு ஃப்ரீ ஒர்க்ஷாப்னு ஆரம்பிச்சு கடைசியில செட்டை நீட்டுறவங்க கிட்ட இன்னும் ஜாக்கிரதையா இருங்க.

புக்ல படத்தை விட பயிற்சியைப் பாருங்க, ஏன்னா அதைக் குழந்தை தன் கையால எழுதுது. "பொருத்துக"ன்னு ஒரு பக்கம் மாலா, முருகன், இன்னொரு பக்கம் "பாத்திரம் கழுவினாள்", "மரம் ஏறினான்". தமிழ்ல வினையோட முடிவே ஆணா பெண்ணான்னு சொல்லிடுது இல்லையா, அதனால குழந்தை கோடு சரியா போட்டு மார்க் வாங்கும்போதே யாருக்கு எந்த வேலைங்கறதும் சேர்ந்து பதிஞ்சிடுது. அப்புறம் "அப்பா வந்தார், அம்மா வந்தாள்", இந்த மரியாதை வித்தியாசம் நம்ம கண்ணுக்கே படாம போயிடும். மிருகக் கதையையும் விடாதீங்க, சிங்கராஜா, கரடியார், நரியார்னு அதிகாரமும் புத்தியும் உள்ளதெல்லாம் ஆம்பளையாவே வரும்.

ஒரு பென்சில் எடுத்து எண்ணுங்க. யார் பேசறாங்க, யார் கேள்வி கேக்கறாங்க, சிக்கல் வந்தா யார் தீக்கறாங்க. 1972-லயே அமெரிக்கால ஒரு பெண்கள் குழு 134 ஆரம்பப்பள்ளி வாசிப்புப் புத்தகங்களை இப்படித்தான் எண்ணினாங்க, பையனை வச்சு 5 கதைன்னா பொண்ணை வச்சு 2 கதைதான் இருந்துச்சு.

ஆனா ஒண்ணு. ஒரு பாடத்துல அம்மா சமைச்சா அது தப்பில்ல. நிறைய வீட்ல அம்மாதான் சமைக்கிறாங்க, அது உழைப்பு, அந்தப் பிள்ளைகளும் புக்ல தன் வீட்டைப் பாக்கணும். நீங்களே வீட்டைப் பாத்துக்கறவங்களா இருந்தா, "சமைக்கிறது மட்டமான வேலை"ன்னு உங்க பொண்ணுக்குப் படற மாதிரி ஒரு வார்த்தை கூட பேசிடாதீங்க. நாம கேக்கறது அம்மாவை அடுப்படியில இருந்து அழிக்கச் சொல்லி இல்ல, 20 பாடத்துல 20-லயும் அவங்க அங்கயே நிக்கிறாங்களான்னுதான். ஒரு பாடத்தைப் பிடிச்சுக்கிட்டு சண்டைக்குப் போனா டீச்சர் உங்களை ஒதுக்கிடுவாங்க, மொத்தமா எண்ணிக் காட்டினா ஒதுக்க முடியாது.

வீட்ல லெக்சர் வேண்டாம். படிச்சு முடிச்சதும் "அப்பா சமைத்தார், அம்மா வண்டி ஓட்டினார்"னு மாத்தி எழுதச் சொல்லுங்க, அவளுக்கு வினைமுற்றுப் பயிற்சியும் ஆச்சு. பரீட்சைல புக்ல இருக்கிறதைத்தான் எழுதணும்னு மட்டும் சொல்லி வைங்க.

ஸ்கூல்ல பேசுங்க, ஆனா டீச்சர் கிட்ட கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல, புக்கை அவங்க எழுதல. பாடப்புத்தகத்தைத் திருத்தணும்னு ஐ.நா.வோட பெண்கள் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை 10-வது பிரிவுல 1979-லயே எழுதியாச்சு, இன்னமும் கேட்டா "அடுத்த பதிப்புல பாக்கலாம்"னுதான் பதில் வருது, அந்தப் பதிப்பு வர்றதுக்குள்ள உங்க பொண்ணு ஹைஸ்கூல் போயிடுவா! அதனால எழுத்துல குடுங்க. "புத்தகம் பூரா பெண்ணடிமைத்தனம்"னு எழுதினா குப்பைக்குத்தான் போகும். பக்க எண், இப்ப இருக்கிற வரி, அதுக்குப் பதிலா என்ன வரி வரலாம், இந்த மூணும் போதும். முன்பக்கத்துக்குப் பின்னாடி வெளியீட்டாளர் முகவரியும் பதிப்பு வருஷமும் இருக்கும், பாடநூல் குழு பேரும் இருந்தா அவங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. அதே கிளாஸ் பெற்றோர் நாலு பேர் கூட கையெழுத்து போட்டா நல்லது, அனுப்பினதுக்கு ரசீது வாங்கி வச்சுக்கங்க.