ஐசியூ வாசலில் வந்து பேசியவர் புரோக்கரா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பைக் விபத்தில் அடிபட்ட மச்சினனுக்கு மூளைச்சாவு என்றார்கள். நெஞ்சு துடித்துக்கொண்டுதான் இருந்தது. உறுப்பு தானம் பற்றி ஒருவர் வந்து பேசினார், வேண்டாம் என்றுவிட்டோம். அவர் புரோக்கரா? உயிர் இருக்கும்போதே அவசரப்பட்டார்களோ என்று மனசு அறுக்கிறது."

அவர் புரோக்கர் இல்லை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், ஆஸ்பத்திரியில் கோஆர்டினேட்டர் என்பார்கள். 2011 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உறுப்பு மாற்றுக்குப் பதிவு பெறும் மருத்துவமனை இப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும். மூளைச்சாவை முடிவு செய்வது அவர் இல்லை. நான்கு மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், மாற்று அறுவை செய்யும் குழுவினர் யாரும் அதில் இருக்கக் கூடாது, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, தானாக மூச்சு எடுக்கிறாரா என்று பார்ப்பதும் அதில் உண்டு. இதயம் மூளை சொல்லித் துடிப்பதில்லை, மெஷின் மூச்சு கொடுக்கும்வரை கொஞ்ச காலம் துடிக்கும். அதனால் நெஞ்சு துடிப்பதை வைத்து உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இதை அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் சொல்வதுதான் இந்த வேலையில் பெரிய கஷ்டம். நானும் பல வருஷம் அந்த வாசலில் நின்றவன். நம்ம பக்கத்தில் மனைவி சரி என்றால் மட்டும் போதாது, தாய்மாமா, சொக்காரர், ஊர்ப் பெரியவர் என்று வேனில் வந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து இதயம் நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. "நெஞ்சு ஏறி இறங்குதே சார்" என்ற ஒரு தாயிடம் எதுவும் பேச முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சம்மதித்தால் அப்புறம் ஓட்டம். எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் வரை. மதுரைச் சாலை, தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டில் விமான நேரம், விபத்து கேஸ் என்பதால் போலீஸ், பிரேதப் பரிசோதனை, வெளியே "பாடி எப்ப தருவீங்க" என்று காத்திருக்கும் சொந்தங்கள். உறுப்பு யாருக்கு என்பது மாநில ஆணையத்தின் பட்டியல்படி. வீட்டாருக்குக் காசும் கிடையாது, உறுப்பு எடுக்கும் செலவும் அவர்கள் தலையில் விழாது.

வேண்டாம் என்றது உங்கள் உரிமை, அதில் தப்பே இல்லை. மனசு இன்னும் அறுத்தால் மருத்துவமனையில் படிவம் 10, அதாவது அந்த நான்கு மருத்துவர்கள் கையெழுத்திடும் மூளைச்சாவுச் சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு சோதனையும் நடந்த நேரம் அதில் இருக்கும். அந்தக் கோஆர்டினேட்டரையே கூப்பிட்டும் கேட்கலாம். வேண்டாம் என்ற வீட்டாருக்கும் பதில் சொல்வது அவர் வேலைதான்.