அந்த 5 பென்ஸ்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பின் தன்வரலாற்றைப் படித்தேன். காலை 5.30க்கு எழுத உட்கார்வது, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள், எந்த நாவலுக்கு எத்தனை பவுண்ட் என்று பட்டியல். கல்யாணத்துக்குச் சில வரிகள்தான். குமாஸ்தாவின் கணக்கு நோட்டு போலிருக்கிறது. இதில் எழுத்தாளன் எங்கே?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் இறந்த மறுவருடம், 1883இல், புத்தகம் வெளிவந்தபோதும் பலர் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியலை விட்டுவிட்டு முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

டிராலப்பின் அப்பா வக்கீல் தொழிலில் தோற்று, விவசாயத்திலும் தோற்றவர். 1834இல் ஒருநாள் அப்பாவை வண்டியில் லண்டனுக்குக் கொண்டுபோய் விடும்படி மகனிடம் சொல்கிறார்கள். கடனுக்குப் பயந்து அவர் பெல்ஜியத்துக்குக் கப்பலேறுகிறார் என்பது மகனுக்குப் பிறகுதான் தெரிகிறது. திரும்பி வந்தால் வீட்டில் ஜப்தி. அம்மா ஆசையாகச் சேர்த்த பீங்கான், கொஞ்சம் வெள்ளி, சில புத்தகங்கள் எல்லாவற்றையும் தங்கைகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இரண்டு தோட்டங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி வழியாகக் கடத்துகிறார்கள். இவரும் சேர்ந்துகொள்கிறார். அப்புறம் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் அம்மா, சாகக் கிடக்கும் இன்னொரு மகனைப் பார்த்துக்கொண்டே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மருந்துப் புட்டிகளும் மைக்கூடும் அவர் அறையில் சரிசமமாக இடம் பிடித்திருந்தன என்கிறார் டிராலப். எழுத்து என்றால் என்ன என்பதை அவர் அங்கேதான் கற்றார். மொத்த வருமானம் 68,939 பவுண்ட், 17 ஷில்லிங், 5 பென்ஸ் என்று சில்லறைக் காசு வரை கூட்டிப் போட்டிருக்கிறாரே, அந்த 5 பென்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டத்து இடைவெளிதான் ஞாபகம் வருகிறது.

சரி, எழுத்தாளன் எங்கே? பள்ளியில் யாரும் விளையாடச் சேர்க்காத அந்தப் பையனிடம் இருக்கிறான். மனசுக்குள் ஒரே கதையை மாதக்கணக்கில் வளர்த்தவன். நடக்கவே முடியாத எதையும் அதில் விடமாட்டான். பின்னாளில், கிளப்பில் இரண்டு பாதிரிமார் டிராலப்பின் நாவல் பாத்திரமான திருமதி ப்ரௌடியைத் திட்டுவதைக் கேட்டு, “ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன்” என்று அவர்களிடமே சொல்லிவிட்டுப் போய், நாவலில் கொன்றார். அதற்காகச் சில சமயம் வருந்தியதாகவும், அவளுடைய ஆவியோடு இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதாகவும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.