மணிலாவில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது? கேள்வி பதில்

மணிலா என்று இங்கே சொல்வது மகாட்டி, தாகிக், பசாய், கேஸோன் சிட்டி எல்லாம் சேர்ந்த பெருநகரத்தை. சாப்பாட்டுக் கேள்விகளுக்கு மட்டும் பதில். விசா, வீட்டு வாடகை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

மகாட்டியில் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆனவர்: அக்கா, பொப்லாசியோன் பக்கம் புதுசு புதுசாகக் கடை திறந்துகொண்டே இருக்கிறார்கள். திறந்த அன்றே போகலாமா?

வேண்டாம். இங்கே ஒரு கடை இரண்டு முறை திறக்கும். முதலில் 'சாஃப்ட் ஓபனிங்'. ஆள் புதிது, அடுப்பு புதிது, மெனுவில் பாதி ஐட்டம் "இன்னும் வரவில்லை" என்பார்கள். கார்டு மெஷின்கூடச் சில இடங்களில் வந்திருக்காது. பிறகு 'கிராண்ட் ஓபனிங்'. அன்று வீடியோ எடுப்பவர்களுக்கே மேஜை போதாது. இரண்டும் முடிந்து மூன்று, நாலு வாரம் கழித்துப் போங்கள். அதற்குள் ஓடாத ஐட்டத்தை எடுத்துவிடுவார்கள், மீனும் கறியும் யாரிடம் வாங்குவது என்பது நிலைப்பட்டிருக்கும், சமையல்காரர் கையும் பழகியிருக்கும்.

செவ்வாய், புதன் மதியம் நல்லது. 15ஆம் தேதியும் மாதக் கடைசியும் இங்கே சம்பள நாள். அது வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மகாட்டியில் மேஜையும் கிடைக்காது, டாக்ஸியும் கிடைக்காது.

சாஃப்ட் ஓபனிங்கில்தான் போக வேண்டும் என்றால் முன்கூட்டியே மூன்று விஷயம் கேளுங்கள்: இன்று எந்த ஐட்டமெல்லாம் உண்டு, கார்டா, ஜிகேஷா (போனில் பணம் கட்டும் ஆப்), ரொக்கமா, விலைக்கு மேல் என்னென்ன சேரும்.

அந்த மூன்றாவது கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 12 சதவீத வாட் வரியும் சர்வீஸ் சார்ஜும் தனி. 4,500 பெசோ என்று போட்ட விருந்துக்குச் சர்வீஸ் 10 சதவீதம் என்றால் 450, வரி 540, மொத்தம் 5,490. குறி இல்லாவிட்டால் பெரும்பாலும் வரி விலைக்குள்ளேயே இருக்கும். சர்வீஸ் சார்ஜ் முழுக்கவும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்துவிட்டது. அதற்கு மேல் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை.

சென்னையிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வருபவர்: சீனியர் சிட்டிசனுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார்களே?

பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு மட்டும். இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்காதீர்கள், கல்லாவில் இருக்கும் பிள்ளைக்குச் சங்கடம். உள்ளூர்ப் பெரியவர் உங்களோடு வந்தால் அவர் சாப்பிட்ட பங்குக்கு மட்டும் கணக்கு: வரியோடு 1,120 பெசோ என்றால், வரியை எடுத்துவிட்டு 1,000, அதில் 20 சதவீதம் கழித்து 800.

மிஷலின் நட்சத்திரம் வாங்கிய கடைகள் போய்ப் பார்க்கத் தகுந்தவையா?

மிஷலின் உணவக வழிகாட்டியின் முதல் பிலிப்பைன்ஸ் பட்டியல் 2025 அக்டோபரில் வந்தது. மகாட்டியின் ஹெல்ம் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. டோயோ ஈட்டரி, ஹாப்பாக், லினாம்னாம் போன்றவை ஒரு நட்சத்திரம். ஒரே ஒரு கடைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பிலிப்பினோ சமையலையே மையமாக வைத்த கடைக்குப் போங்கள். பாரிஸிலும் சிங்கப்பூரிலும் கிடைப்பதை இங்கே தேட வேண்டாம். இந்த இடங்களில் வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டாக வரும். சாப்பிடாதது எது என்பதை மேஜை பிடிக்கும்போதே எழுதிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.

நான் சுத்த சைவம். மணிலாவில் என்ன சாப்பிடுவது?

இந்தக் கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே முறை.

"வெஜிடேரியன்" என்று சொன்னால் பல கடைகளில் "மேலே கறித்துண்டு போட மாட்டோம்" என்றுதான் புரிந்துகொள்வார்கள். பிரச்சினை அடியில் இருக்கிறது: பதிஸ் என்ற மீன் சாறு, பகோங் என்ற இறால் அல்லது மீன் விழுது. பினாக்பெட்டில் கத்திரிக்காய், பாகற்காய், பூசணி எல்லாம் நம் காய்தான், ஆனால் உப்பே பகோங்தான். லாயிங்கில் சேப்பங்கிழங்கு இலையும் தேங்காய்ப்பாலும், கூடவே பன்றியோ கருவாடோ. பாசிப்பயறில் செய்யும் மொங்கோவைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதிலும் பன்றி அல்லது புகை போட்ட மீன் இருக்கும்.

நாலு சொல் மனப்பாடம் செய்யுங்கள்: வாலங் கர்னே, வாலங் இஸ்தா, வாலங் பதிஸ், வாலங் பகோங். கறி இல்லாமல், மீன் இல்லாமல், மீன் சாறு இல்லாமல், விழுது இல்லாமல். கடைசியில் ஒரு 'போ' சேர்த்தால் மரியாதை. வதக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பா என்றும் கேளுங்கள்.

பயப்படாமல் சாப்பிடக்கூடியவை: காலையில் கூவிக்கொண்டு வரும் தாஹோ (மெத்தென்ற சோயா, மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும்), வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்த பனானா கியூ, தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசியை இலையில் சுற்றிய சுமன். இந்திய மளிகை வேண்டுமானால் பாக்கோ பகுதி. மகாத்மா காந்தி தெருவில் இந்துக் கோயிலும் யுஎன் அவென்யூவில் குருத்வாராவும் இருக்கின்றன, கடைகளும் அந்தப் பக்கம்தான்.

தம்பாவில் நண்டு வாங்கி நாங்களே சமைக்கக் கொடுத்தோம். பில் இரண்டு மடங்கு வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

முறை தெரியாமல் போனால் அப்படித்தான் வரும். பசாயில் மக்கபகால் பக்கம் இருக்கும் தம்பாவில் மீன் சந்தை ஒரு பக்கம், சமைத்துத் தரும் கடைகள் ஒரு பக்கம். சமைக்கும் கூலிக்கு 'பாலுதோ' என்று பெயர். அதைக் கிலோவுக்கு இவ்வளவு, இன்ன வகைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மீன் விலை தனி, கூலி தனி.

வாசலிலேயே ஒருவர் சேர்ந்துகொண்டு "இந்த மீன்காரரிடம் வாங்குங்கள், அந்தக் கடையில் சமைக்கலாம்" என்பார். நன்றி சொல்லி நகருங்கள். முதலில் சமையல் கடைக்குப் போய்க் கூலிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோ கூலி போடுவார்களா, சோறும் சாஸும் தனியா என்று கேளுங்கள். பிறகு தனியாகச் சந்தைக்குப் போங்கள்.

எடை போடும்போது பையில் தண்ணீரும் ஐஸும் இருக்கக் கூடாது. சேற்று நண்டு என்றால் கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். தடித்த ஈரக்கயிறும் நண்டு விலைக்கே எடையில் ஏறும். உயிர் நண்டைக் கண்ணெதிரே எடை போட்டு, உங்கள் கையில் வாங்கி, நீங்களே கடைக்கு எடுத்துப் போங்கள். நடுவில் யாரிடமும் கொடுக்காதீர்கள், உயிருள்ளது செத்ததாக மாறும் இடம் அதுதான்.

நாலு பேருக்கு அரைக் கிலோ இறால் வெண்ணெய்ப் பூண்டில், ஒரு கிலோ நண்டு, ஒரு நடுத்தர லாப்பு-லாப்பு (நம் களவா) ஆவியில். போதும். ஆறு வகை வாங்கினால் ஆறு கூலி.

புதுச் சைவ உணவகம் ஏதாவது திறந்திருக்கிறதா?

சைவக் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. புதுக் கடை என்றால் மூன்று வாரம் பொறுங்கள்.

விழுப்புரத்துக்காரர்: காரே-காரே என்கிற பிலிப்பினோ குழம்பு நம் 'கறி'தானே? மெட்ராஸ் சிப்பாய்கள் கொண்டுபோனது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை, பாதி ஆசை. உறுதியானதை முதலில் சொல்கிறேன். 1762இல் ஆங்கிலேயக் கப்பற்படை சென்னையிலிருந்து கிளம்பி அந்த அக்டோபரில் மணிலாவைப் பிடித்தது. படையில் கம்பெனியின் சிப்பாய்கள் இருந்தார்கள். 1764இல் படை திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காய்ந்தாவில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்து, ஊரோடு கலந்துபோனார்கள். இது வரலாறு.

அவர்கள்தான் காரே-காரேயைச் செய்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் அது தங்கள் ஊர்ச் சமையல் என்பார்கள். என் கருத்தைக் கேட்டால், சட்டியைத் திறந்து பாருங்கள் என்பேன். மாட்டு வால், குடல், வாழைப்பூ, கத்திரிக்காய், காராமணிக்காய். மிளகாய் இல்லை, மல்லி இல்லை, சீரகம் இல்லை, மஞ்சள் இல்லை. குழம்பின் நிறம் அச்சுவேத்தே (அன்னாட்டோ) விதை தருவது, கெட்டித்தன்மை வறுத்தரைத்த அரிசியும் நிலக்கடலையும் தருவது. அச்சுவேத்தேயும் கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஸ்பானியர் காலத்தில் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஓடிய கப்பல்களின் வழியே வந்தவை.

அதே விழுப்புரத்துக்காரர்: அப்போ பெயர்?

பெயரில் உங்கள் கட்சிக்கு வலு உண்டு. இங்கே பேசும் தகலோக் மொழியில் ஒரு சொல்லை இரட்டித்தால் 'அது மாதிரி' என்ற சாயல் வரும். வீட்டுக்கு பாஹாய், குழந்தைகள் வீடு கட்டி விளையாடுவதற்கு பாஹாய்-பாஹாயான். அந்த வழியில் காரே-காரே 'கறி மாதிரி' என்று ஆகலாம். ஆனால் 'காரி' என்ற சொல் மலாயிலும் இருக்கிறது. சிப்பாய் வருவதற்கு முன்பே வணிகர் வாயில் வந்திருக்க வழியுண்டு.

மதுரைக்காரர்: சிப்பாய்க்கு ஊர் மசாலா கிடைக்காமல் கடலையை அரைத்து ஊற்றியிருப்பான். இதில் என்ன சந்தேகம்?

கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள் என்பது நம்பத் தகுந்ததுதான். ஆனால் இஞ்சியும் மஞ்சளும் இந்தத் தீவுகளில் அன்றே இருந்தன. கறிக்காக ஏங்கியவன் கைக்கெட்டிய மஞ்சளை விட்டுவிட்டு நிறத்துக்கு அச்சுவேத்தேயைத் தேடியிருப்பானா? இன்னொன்று, மெட்ராஸ் சிப்பாய் என்றால் எல்லாரும் தமிழர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெலுங்கரும் முஸ்லிம்களும் அந்தப் படையில் இருந்தார்கள்.

விழுப்புரத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் நிலக்கடலையை மல்லாட்டை என்பீர்கள். அது மணிலாக்கொட்டையின் தேய்வு. காரே-காரேயின் உயிரான கடலைக்கு இந்த நகரத்தின் பெயரைச் சூட்டியவர்கள் நாம். கறி அங்கே போனதற்கு உறுதியில்லை, மணிலா இங்கே வந்தது உறுதி.

பெங்களூரிலிருந்து: சரி, நல்ல காரே-காரே எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். குழம்பு முதுகில் போர்வை மாதிரி ஒட்ட வேண்டும். நாக்கில் இனித்தால் பாட்டில் கடலை வெண்ணெய். நறநறவென்றிருந்தால் அரிசியைச் சரியாக வறுக்கவில்லை. வாழைப்பூ கறுத்திருந்தால் நறுக்கியதும் தண்ணீரில் போடவில்லை.

வீட்டில் செய்ய: ஒரு கிலோ மாட்டு வாலை முதல் கொதி தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிறு தீயில் மூன்று மணி நேரம் வேக வையுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி அச்சுவேத்தே விதையை அரைக் கோப்பை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். கால் கோப்பை அரிசியைப் பொன்னிறமாக வறுத்துப் பொடியுங்கள், ஒரு கோப்பை வறுத்த கடலையை அரையுங்கள். அரிசிப் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பிறகே ஊற்றுங்கள், நேரே தூவினால் கட்டி தட்டும். காய்களைத் தனியே வேக வைத்துக் கடைசியில் சேருங்கள். சட்டியில் உப்பு குறைவாகவே இருக்கட்டும். உப்பு பக்கத்தில் வைக்கும் பகோங்கில் இருக்கிறது. அதைக் குழம்பில் கலந்துவிட்டால் எல்லாம் கெட்டது.

வார இறுதியில் எங்கே போகலாம்? ஏதாவது உணவுத் திருவிழா?

சனி காலை சால்செடோ சந்தை, ஞாயிறு காலை லெகாஸ்பி சந்தை, இரண்டும் மகாட்டியில். ஒன்பதுக்குள் போங்கள், மதியத்துக்கு நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். ராத்திரிக்கு தொண்டோவில் உக்போ தெரு. சீனப் புத்தாண்டில் சீனர் பகுதியான பினோந்தோ, ஆனால் சாப்பிடத்தான் ஆசை என்றால் அதற்கு முந்தைய வாரம் போங்கள், புத்தாண்டன்று நடக்கவே இடமிருக்காது. ஏப்ரல் மாதம் 2018 முதல் பிலிப்பினோ உணவு மாதம், அதையொட்டி நிகழ்ச்சிகள் இருக்கும். புனித வெள்ளியன்று பெரும்பாலான கடைகள் பூட்டு.

தோசைக் கடை போடலாம் என்று இருக்கிறேன். உள்ளூர் நண்பர் பெயரில் பதிவு செய்தால் போதும் என்கிறார்கள்.

செய்யாதீர்கள். வெளிநாட்டவர் முழுவதும் சொந்தமாகச் சில்லறை வணிகம் நடத்த, 2021 சட்டத் திருத்தப்படி, 2.5 கோடி பெசோ மூலதனம் காட்ட வேண்டும். அதைத் தவிர்க்க உள்ளூர்க்காரரைப் பினாமியாக வைப்பது குற்றம், உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து. உண்மையிலேயே பணம் போட்டு நடத்தும் உள்ளூர்க் கூட்டாளியும் ஒரு நல்ல வக்கீலும் கிடைத்த பிறகு மேலே யோசியுங்கள். பராங்காய் (வட்டார நிர்வாகம்) சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதார அனுமதி, ஒவ்வொரு ஊழியருக்கும் உடல்நலச் சான்று, மேயர் அனுமதி, வரிப் பதிவு. மேயர் அனுமதியை வருஷா வருஷம் ஜனவரி 20க்குள் புதுப்பிக்க வேண்டும்.

மாவு பற்றியும் ஒன்று. தினோராதோ அரிசியில் போட்டால் தோசை சவசவ என்று இழுக்கும். 'லாவோன்' என்று கேளுங்கள், பழைய அரிசி, நாலுக்கு ஒன்று உளுந்து சரியாக வரும். இந்தப் புழுக்கத்தில் ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் மதியத்துக்குள் புளித்துப் போகும்.

சைவத்துக்கு எங்கே...

மேலே. நாலு சொல்.

விழுப்புரத்துக்காரர் மறுபடியும்: காய்ந்தாவுக்குப் போனால் சிப்பாய்களின் சமையல் ஏதாவது கிடைக்குமா? கூட வரும் மனைவி சைவம்.

எல்ஆர்டி நகர ரயிலின் இரண்டாம் தடத்தில் மரிகினா-பசிக் நிலையத்தில் இறங்கி, ஃபெலிக்ஸ் அவென்யூ வழியாகக் காய்ந்தா ஜங்ஷன் போகும் ஜீப்னி (ஷேர் வண்டி) ஏறுங்கள். மசாலா வாசனையைத் தேடிப் போகாதீர்கள். அந்த ஊர் பேர் வாங்கியது சுமன், பிபிங்கா, லாதிக் என்ற மூன்று பலகாரங்களுக்குத்தான், அவற்றின் பெயரைச் சேர்த்தே சும்பிங்திக் என்று திருவிழாவும் நடத்துகிறார்கள். சுமனும் லாதிக்கும் அரிசி, தேங்காய் சங்கதி, உங்கள் மனைவி சாப்பிடலாம். பிபிங்காவில் முட்டை இருக்கும்.