பிசகிய வரி எது?

வணக்கம் ஐயா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சமன்பாட்டில் தப்புச் செய்தால் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்திலேயே சரியான படிகளை எழுதிக் கொடுக்கிறேன். ‘புரிஞ்சுது மிஸ்’ என்கிறார்கள். அடுத்த வாரம் அதே தப்பு. என்னிடம்தான் குறையா?
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். தப்பைத் தேடும் வேலையை நீங்களே முடித்துவிட்டால், பிள்ளைக்கு மிச்சம் இருப்பது பார்த்து எழுதுவது மட்டும்தான்.

2(அ + 4) = 18 என்று ஒரு கணக்கு. (தட்டச்சு வசதிக்காக எக்ஸை ‘அ’ என்றே எழுதுகிறேன்.) ஒரு பெண் இப்படிப் போட்டிருக்கிறாள் என்று வையுங்கள்:

2அ + 4 = 18
2அ = 14
அ = 7

நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அந்த 7ஐயே கையில் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறச் சொல்லுங்கள். 2அ = 14, சரி. 2அ + 4 = 18, அதுவும் சரி. கேட்ட கணக்கில் வைத்தால் ஈர்பதினொன்று இருபத்திரண்டு. 18 வரவில்லை! அப்படியானால் பிசகு அடைப்பை நீக்கிய இடத்தில்தான். 4ஐ 2ஆல் பெருக்க விட்டுப்போயிருக்கிறது. சரியான விடை 5 என்று தெரியாமலேயே, தன் தப்பான விடையை வைத்தே இடத்தைப் பிடித்துவிட்டாள். இரண்டு இடத்தில் தப்பியிருந்தால் கீழே உள்ளது முதலில் அகப்படும். அதைத் திருத்திவிட்டு மறுபடி ஏற வேண்டும்.

இடம் தெரிந்தபின் ‘ஏன் அப்படிப் போட்டாய்?’ என்று கேளுங்கள், அதட்டாமல். 5அ = 20 என்பதற்கு ஒருவன் 15 என்று எழுதுவான். நாம் கவனக்குறைவு என்போம். கேட்டால், ‘அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்னு சொன்னீங்களே’ என்பான். சொன்னதும் நாம்தானே? என் வாத்தியாரும் அதைப் பாட்டு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார். எண்கள் சமக்குறியைத் தாண்டிக் குதிக்கின்றன என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ‘இரண்டு பக்கத்தையும் 5ஆல் வகுக்கிறேன்’ என்று வாயால் சொல்ல வையுங்கள்.

அல்ஜீப்ரா என்ற பெயரே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்பதிலிருந்து வந்தது. முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும் அரபியில் அதே சொல்தான். நம் ஊர்ப் புத்தூர்க் கட்டுக்காரர்களும் தடவிப் பார்த்து இடம் கண்டபிறகுதானே கட்டுகிறார்கள்!

ஒன்று மட்டும். பெரிய வகுப்பில் அ² = 5அ என்று வரும்போது இரு பக்கமும் அ-வை அடித்துவிட்டு 5 என்று நிறுத்துவார்கள். ஏறிப் பார்த்தால் எல்லா வரியும் சரியாகவே இருக்கும், ஆனால் 0 என்ற இன்னொரு விடை காணாமல் போயிருக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

அடுத்த வகுப்பில், வேண்டுமென்றே ஒரு தப்போடு நீங்களே பலகையில் ஒரு கணக்கைப் போடுங்கள். மிஸ் போட்டதில் தப்புக் கண்டுபிடிப்பது என்றால் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். அப்புறம், நடுவில் தப்பே இல்லாத கணக்கு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அதிலும் ஒருவன் தப்புக் கண்டுபிடித்துக் கொண்டுவருவான். அவனோடு கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருங்கள்.